களைத்துப்போன பேய்

"நான்தான் கொன்னேன்" என்று சொல்லிவிட்டு லுட்கார்ட் காபியில் ஒரு சர்க்கரைக் கட்டியைப் போட்டாள். போட்டதைக் கலக்க மறந்துவிட்டாள்.

கோபே கடிக்கப் போன பிஸ்கட்டைத் தட்டில் திரும்ப வைத்தான். துப்பறியும் ஓடா ஃபெர்மாண்டரிடம் உதவியாளனாகச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. இந்த ஆறு வருஷத்தில் குற்றவாளிகள் ஓடியிருக்கிறார்கள், மூக்கைச் சிந்தி அழுதிருக்கிறார்கள், ஒருத்தன் கோபேயின் சைக்கிளிலேயே ஏறித் தப்பித்திருக்கிறான். துப்பறியச் சொல்லி வேலை கொடுத்தவளே எதிரில் உட்கார்ந்து, காபியும் வாங்கிக் கொடுத்து, குற்றத்தை ஒப்புக்கொள்வது இதுதான் முதல் தடவை.

"போன வாரம் நீங்கதானம்மா எங்களைக் கூப்பிட்டீங்க" என்றான். "சுவிட்சை அணைச்சேன், யாருமே நம்ப மாட்டேங்கிறாங்கன்னு சொன்னீங்க."

"சொன்னேன் தம்பி. இப்ப எனக்கே நம்பிக்கை இல்ல. ரெண்டே முக்காலுக்கு ஸ்டேஷன்ல கையெழுத்து. இன்ஸ்பெக்டர் எல்லாத்தையும் டைப் பண்ணி வச்சிருக்கார். உங்களுக்கு இனிமே வேலையில்லன்னு நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

ஜன்னலுக்கு வெளியே லிண்டர்ஃபோர்ட் ஊரின் சதுக்கம் மூடுபனிக்குள் கிடந்தது. எதிரே மணிக்கூண்டு பாதி உயரம் வரைக்கும்தான் தெரிந்தது. மணிகளும் கடிகாரமும் இருக்கிற மேல் பாதியைப் பனி விழுங்கியிருந்தது. மூன்று வாரமாக அந்தக் கூண்டிலிருந்து சத்தமே இல்லை. கூண்டுக் கதவுக்குப் போலீஸ் வைத்த முத்திரையை வெள்ளிக்கிழமையே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் பேய் பயத்தில் சுவிட்சைப் போட ஊரில் ஒருத்தருக்கும் கை வரவில்லை. ரொட்டிக்கடைக்காரர் மூன்று மணியானால் கடையை இழுத்துப் பூட்டுகிறார். ஏன் என்று கேட்டால் அடுப்பு சரியில்லை என்கிறார்.

கோபேக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓடா நெட்டை. எந்தக் கதவிலும் குனிந்துதான் நுழைவாள். துப்பறிய வருவதற்கு முன்னால் பதினைந்து வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த வீடுகளுக்குள் போய், எந்த ஃப்யூஸ் எந்தக் கதையைச் சொல்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தவள். இப்போதும் மனிதர்களை அந்த மாதிரிதான் கேட்பாள்.

"கடைசியா ஒரு தடவை சொல்லுங்க. பொறுமையா" என்றாள்.

லுட்கார்ட் சொன்னாள்.

அவள் கணவர் ஏமீல்தான் அந்தக் கூண்டின் மணிகளை வாசிக்கிறவர். சின்ன மணிகளுக்குக் கையால் அடிக்கும் கட்டைகள் உண்டு. மணிநேரத்தையும், அரைமணிக்கு ஒரு அடியையும் சொல்லும் பெரிய மணிக்கு மட்டும் மின்காந்தச் சுத்தியல். நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள், மதியம் இரண்டு மணிக்குக் கோயிலில் பூசை.

"பூசை முடியறவரைக்கும் கூண்டு வாயைத் திறக்கக் கூடாது. அது இந்த ஊர் வழக்கம். எப்படியும் மெயினை அணைச்சாகணும்ல, அதனால வருஷா வருஷம் அந்த நேரத்துலதான் அவர் மேல போய் சுத்தியலுக்கு எண்ணெய் போடுவார். நான் கீழ் அறையில சுவிட்ச் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்துக்குவேன். யாரும் தெரியாம வந்து போட்டுடக் கூடாதில்ல. இருபத்திரண்டு வருஷமா இதான் நடக்குது."

"அணைச்சதும் நேரா மேல போயிடுவாரா?"

"மாட்டார். சோதனைப் பொத்தான் ஒண்ணு இருக்கு. அதை ஒரு தடவை அழுத்துவார். மணி அடிக்கலைன்னா மின்சாரம் செத்துப்போச்சுன்னு அர்த்தம். அப்புறம்தான் ஏணியில கால் வைப்பார்." அவள் கோப்பையின் காதைப் பிடித்துத் திருப்பினாள். "அன்னைக்கு மட்டும் அழுத்தல. நான்தான் வேண்டாம்னேன். கீழ பூசை ஆரம்பிச்சாச்சு, தப்பித்தவறி அடிச்சிடுச்சுன்னா கோயிலே திரும்பிப் பாக்கும், விடுங்கன்னேன். சரிடின்னு ஏறிட்டார்."

ஓடா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பனியைப் பார்க்கிறாள் என்று கோபே நினைத்துக்கொண்டான்.

"ரெண்டரைக்கு மேலருந்து ஒரு சத்தம். மணிச் சத்தம் இல்ல. மூட்டையைப் போட்ட மாதிரி. ஏறிப் போய்ப் பாத்தா மணிக்குக் கீழ கிடக்கறார். நெத்தியில அடி. நான் அவர் தலையை எடுத்து மடியில வச்சுக்கிட்டேன். எவ்வளவு நேரம்னு தெரியல. மூணு மணிக்கு என் தலைக்கு மேலயே மணி அடிச்சுது. முதல் அடி நல்லா கேட்டுச்சு. ரெண்டாவது கொஞ்சம் தள்ளிப் போன மாதிரி. மூணாவது நகத்தால தட்டற மாதிரிதான். அவர் படி இறங்கிப் போறார்னு நெனச்சேன். மூணே படி. போயிட்டார்."

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். லுட்கார்டுக்கு அது கேட்கவே இல்லை.

"சுத்தியலை அக்டோபர்லதான் மாத்தினோம். யெல்லேன்னு ஒரு இஞ்சினியர், சின்ன வயசு, மரியாதையான பையன். பெரிய மணி எப்பவும் மத்த மணிக்குப் பின்னாலயே வருதுன்னு அவர் இருபது வருஷமா புலம்பிக்கிட்டு இருந்தார். புதுசு வந்த அன்னைக்கு, 'பாதி நேரத்துல அடிக்குதுடி'ன்னு என்னைக் கட்டிப் பிடிச்சார். அதுக்கு முன்னாடி கடைசியா எப்ப கட்டிப் பிடிச்சார்னு ஞாபகமில்ல."

"யெல்லே என்ன சொல்றான்?"

"மெயினை அணைச்சா சுத்தியலுக்கு உயிர் கிடையாதுன்னு எழுதியே குடுத்திருக்கான். மூணு மணிக்கு மணி அடிச்சதை ஊரே கேட்டிருக்கு. அப்ப மெயின் போட்டுத்தானே இருந்திருக்கணும்? பக்கத்துல இருந்தது நான் ஒருத்திதான். போலீஸ் வர்றதுக்குள்ள நானே அணைச்சு வச்சிருப்பேன்னு இன்ஸ்பெக்டர் சொல்றார். இருக்கலாம். இருபத்திரண்டு வருஷம் ஒரே வேலையைச் செஞ்ச கை, செய்யாட்டியும் செஞ்சேன்னுதானே சொல்லும்?"

எழுந்து கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள். பிஸ்கட்டைச் சாப்பிடு தம்பி என்று சொல்லிவிட்டுப் போனாள். காபி அப்படியே இருந்தது.

துக்கம் வந்தால் கோபே இரண்டில் ஒன்று செய்வான். ஜோக் அடிப்பான், இல்லையென்றால் கழிவறைக்குப் போவான். இன்றைக்கு இரண்டாவதைச் செய்துவிட்டு, முதலாவதோடு திரும்பி வந்தான்.

"தெருவைத் தோண்டறாங்களாம், தண்ணி இல்லன்னு கதவுல ஒட்டியிருக்கான் மேடம். ஆனா எனக்கு ஃப்ளஷ்ல ஒரு தடவை ஜோரா வந்துச்சு. எனக்கு அடுத்து போனவருக்கு இருமற மாதிரிதான் வந்துச்சாம். மூணாவது ஆளு இப்பத்தான் உள்ள போயிருக்கார். ஆண்டவன்தான் காப்பாத்தணும்."

ஓடா பீர் கிளாஸுக்கு அடியில் வைக்கும் அட்டை ஒன்றை மேஜையில் உருட்டிக்கொண்டிருந்தாள். அட்டை விழுந்தது. அவள் எடுக்கவில்லை.

"திரும்பச் சொல்லு."

"எதை? ஆண்டவனையா?"

"முதல் ஆளுக்கு ஜோரா. ரெண்டாவது ஆளுக்கு இருமல்." அட்டையை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். "நீ என்னைக்காவது உருப்படியா ஒண்ணு சொல்லுவேன்னு தெரியும் கோபே. அது கக்கூஸ்லருந்து வரும்னுதான் தெரியல. அன்னைக்குப் பூசையை, வீட்டை விட்டு வர முடியாதவங்களுக்காகப் பதிவு பண்ணியிருப்பாங்க. உன் ஃபோன்ல தேடு."

சதுக்கத்தைக் கடப்பதற்குள் கோபே தேடிப் பிடித்துவிட்டான். இயர்ஃபோனை ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டு பனிக்குள் நின்று கேட்டார்கள். பாதிரியார் அந்த வருஷம் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தார். நடுவில் மணி அடித்தது. பாதிரியாரின் குரல் நின்றது. இரண்டாவது அடி, முதலாவதில் பாதி. யாரோ ஒரு பெஞ்சில் முழங்காலை இடித்துக்கொண்டார்கள். மூன்றாவது அடி எங்கே என்று கோபே சத்தத்தைக் கடைசி வரைக்கும் ஏற்றினான். அப்போது கேட்டது. கேட்காமலே இருந்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது. கழுத்துத் துணியை இழுத்துக் காதை மூடிக்கொண்டான்.

"பேய்க்கு எதுக்கு மேடம் இவ்வளவு களைப்பு?"

"அதான் கேள்வி. மெயின் போட்டிருந்தா மூணு அடியும் ஒரே பலத்துல விழுந்திருக்கும். இது களைச்சுப்போற பேய். களைச்சுப்போற எதுக்கும் பின்னால ஒரு தொட்டி இருக்கும்."

கூண்டின் கீழ் அறையில் மரநாற்காலி ஒன்று சுவிட்ச் பக்கத்திலேயே கிடந்தது. அதன் மேல் பூப்போட்ட ஒரு மெத்தை. சுவரில் மெயின் சுவிட்ச், அதன் கைப்பிடி கீழே இறங்கியிருந்தது. பக்கத்தில் பழைய ஃப்யூஸ் பெட்டி, புதிதாக ஒரு சாம்பல் நிற இரும்புப் பெட்டி, இரண்டுக்கும் நடுவே சோதனைப் பொத்தான். அதற்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் யெல்லேயின் சான்றிதழ்.

ஓடா சான்றிதழை மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று படித்தாள். பிறகு பீர் அட்டையைத் திருப்பிப் பென்சிலை எடுத்தாள்.

"பழைய சுத்தியல் மணியைப் போய்ச் சேர ஒரு வினாடியை ஆயிரமாக்கி அதுல எண்பது பங்கு எடுத்துக்கிட்டது. புதுசுக்கு நாப்பது பங்கு போதும். அதே எடை, அதே தூரம், பாதி நேரம். அடிக்கற அந்தக் கணத்துக்கு மின்சாரம் எவ்வளவு கூட வேணும்?"

"ரெண்டு மடங்கு."

"தப்பு. பாதி நேரம்னா வேகம் ரெண்டு மடங்கு. வேகம் ரெண்டு மடங்குன்னா அந்த இரும்புக்குள்ள ஏத்த வேண்டிய சக்தி நாலு மடங்கு. சைக்கிள்ல மெதுவா போய்ச் சுவத்துல முட்டறதுக்கும் வேகமா போய் முட்டறதுக்கும்..."

"அனுபவம் இருக்கு மேடம். மேல சொல்லுங்க."

"அந்த நாலு மடங்கையும் பாதி நேரத்துக்குள்ள ஏத்தி முடிக்கணும். அப்ப?"

கோபே விரல் விட்டான். "எட்டா?"

"எட்டு. பழைய சுத்தியலோட தகட்டைப் பாரு, அறுநூறு வாட்னு போட்டிருக்கு. இப்ப நாலாயிரத்து எண்ணூறு. ரெண்டு கெட்டில்ல ஒரே நேரத்துல வெந்நீர் வச்சாக்கூட அவ்வளவு ஆகாது. இந்தக் கூண்டுக்கு வர்ற ஒயரைப் பாரு, சுண்டு விரல்ல பாதி. ஃப்யூஸ் ஆறு ஆம்பியர். ஆயிரத்து நானூறு வாட்டைத் தாண்டினா எரியணும்."

"எரியலையா?"

ஓடா ஃப்யூஸின் தலையை விரலால் துடைத்துக் காட்டினாள். கரும்பச்சையாக இருபது வருஷத்துத் தூசி. "யாரும் தொட்டே பாக்கல. புதுச் சுத்தியல் அக்டோபர் பூரா அடிச்சிருக்கு, ஃப்யூஸ் ஒரு தடவைகூடப் போகல. அப்ப மீதி மின்சாரம் எங்கருந்து வந்துச்சு?"

கோபே சாம்பல் பெட்டியைப் பார்த்தான். ஓடாவைப் பார்த்தான்.

"ஃப்ளஷ் டேங்க்" என்றான்.

"கண்டென்சர். ஃபேன்ல சின்னதா ஒண்ணு இருக்குமே, அதோட பெரியப்பா. மெல்லிசா வர்ற மின்சாரம் அதை நிரப்பிக்கிட்டே இருக்கும். சுத்தியல் அதுலருந்து ஒரே வாயில குடிக்கும். சான்றிதழ்ல சராசரி மின்தேவைன்னு மட்டும் போட்டிருக்கான். நாள் பூரா கணக்குப் பாத்தா ஒரு பல்பு எரியற அளவுதான். பொய் எழுதல. பாதியை மட்டும் எழுதியிருக்கான். தொட்டின்னு எழுதினா புதுசா சோதனைக்கு ஆள் வரணும், அதுக்குள்ள திருநாள் வந்துடும்."

"மெயினை அணைச்சாலும்..." கோபே ஆரம்பித்ததை முடிக்கவில்லை. கழிவறை ஜோக்கின் மிச்சம் வாயில் கசந்தது.

"அணைச்சாலும் தொட்டியில இருக்கறது அப்படியே இருக்கும். கடிகாரத்துக்குத் தனி பேட்டரி, அது மணி தப்பாம அடி அடின்னு சொல்லிக்கிட்டே இருக்கும். பழைய சுத்தியல்னா மெயின் இல்லாதப்ப அந்தப் பேச்சைக் கேக்காது. புதுசு கேட்டுடுச்சு. ரெண்டரைக்கு ஒரு அடி, அது ஏமீல் மேல. மூணு மணிக்கு மூணு அடி, இருக்கற மிச்சத்துல." ஓடா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு முப்பத்தொன்று. "மேல ஏறி யாரும் இல்லன்னு பாத்துட்டு வா. அப்புறம் மெயினைப் போடு. ரெண்டு நிமிஷம் விட்டு அணை. இன்ஸ்பெக்டருக்கு வீடியோ கால் போட்டு ஃபோனை நாற்காலியில சாத்தி வை. படத்துல சுவிட்சோட கைப்பிடி மட்டும் தெரிஞ்சா போதும். நான் கூப்பிட்டதும் பொத்தானை மூணு தடவை அழுத்து."

"எதுக்குப் பொத்தான்? மூணு மணி வரைக்கும் பொறுத்தா கடிகாரமே அடிச்சுக் காட்டுமே."

"ரெண்டே முக்காலுக்கு அந்தம்மா கையெழுத்துப் போட்டுடும். போட்ட கையெழுத்தைத் திருப்பி வாங்க எத்தனை வருஷம் ஆகும் தெரியுமா? சரியா மூணு தடவை கோபே. பொத்தானும் உன் கையும் படத்துல விழக் கூடாது."

"ஏன்?"

"சொன்னதைச் செய்" என்று சொல்லிவிட்டு ஓடா வாசலில் குனிந்து வெளியே போனாள்.

கோபே ஏணியில் ஏறினான். மேலே பனி ஜன்னல் வழியாக உள்ளேயே வந்திருந்தது. பெரிய மணி அதன் நடுவே சும்மா தொங்கியது. அதிலிருந்து ஒரு சாண் தள்ளி, அவன் தலை அளவுக்கு இரும்புச் சுத்தியல். கீழே பலகைத் தரையில் ஓர் இடம் மட்டும் தேய்த்துக் கழுவி வெளுத்திருந்தது. அதன் ஓரத்தில் எண்ணெய்க் குப்பி, மூடி திறந்தபடியே. யாரும் எடுத்து மூடவில்லை. கோபே மூடலாமா என்று யோசித்தான். கை போகவில்லை. மணிக்கும் சுத்தியலுக்கும் நடுவே தலையை நீட்டாமல் சுவரோடு ஒட்டி நடந்து ஏணிக்குத் திரும்பினான். மின்சாரம் இல்லை என்று அவனுக்குத் தெரியும். அது ஏமீலுக்கும் தெரிந்திருந்தது.

கீழே வந்து கைப்பிடியை மேலே தூக்கினான். சாம்பல் பெட்டிக்குள் மெல்ல ஒரு முனகல் ஆரம்பித்து, நொடியில் அடங்கியது. இரண்டு நிமிஷம் லுட்கார்டின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றான், அதில் உட்கார மனசு வரவில்லை. பிறகு கைப்பிடியை இறக்கி ஃபோனைச் சாத்தி வைத்தான்.

"அணைஞ்சிருக்கு, தெரியுது" என்றது இன்ஸ்பெக்டர் கால்வார்டின் குரல், சலிப்போடு. "அதுக்கு என்ன இப்ப?"

ஃபோனில் அவருக்குப் பின்னாலிருந்து ஓடாவின் குரல் வந்தது. "ஒரு நிமிஷம் எல்லாரும் பேசாம இருங்க. கோபே, நாங்க தயார்."

கோபே அழுத்தினான்.

அடி கூண்டையே உலுக்கியது. பாதத்துக்குக் கீழே கல் அதிர்ந்தது. வெளியே சதுக்கத்தில் ஒரு பெண் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டாவது அடி ஒரு தெரு தள்ளிப் போயிருந்தது. மூன்றாவது அதற்கும் அப்பால், பனிக்குள். செத்துப்போன சுவிட்ச் கண் எதிரே தொங்குகிறது, மணியோ மூன்று முறை அடித்துவிட்டது. காரணம் முழுக்கத் தெரிந்தும், கைப்பிடி இறங்கித்தான் இருக்கிறதா என்று கோபே இன்னொரு தடவை சரிபார்த்தான்.

பொத்தான் மேலேயே இருந்த தன் விரலைப் பார்த்தான். அப்போதுதான் உறைத்தது.

ஏமீல் இதே இடத்தில்தான் நின்றிருக்கிறார். இதே பொத்தான். ஒரு தடவை அழுத்தியிருந்தால் மணி அடித்திருக்கும். பூசைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள், பாதிரியார் கோபித்துக்கொண்டிருப்பார், ஏமீல் தலையைச் சொறிந்துகொண்டு யெல்லேக்கு ஃபோன் போட்டிருப்பார். ஏணியில் ஏறியிருக்க மாட்டார். அழுத்த வேண்டாம் என்று சொன்னது யார் என்று காபிக்கடையில் அவன் காதாலேயே கேட்டான்.

கோபே ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

ஸ்டேஷன் சதுக்கத்தின் மறுகோடியில். அவன் மூச்சு வாங்க உள்ளே நுழைந்தபோது வாக்குமூலத் தாள் மேஜையில் கையெழுத்தில்லாமல் கிடந்தது. பேனா மூடி திறந்து பக்கத்தில். லுட்கார்ட் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே, சாட்சிக் கையெழுத்துக்கு வந்திருந்த யெல்லே, முப்பது வயது இருக்கும், இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு. அத்தனை நாற்காலி காலியாக இருக்க ஓடா மட்டும் சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் தலைக்குப் பின்னால் ஒரு சுவர்க் கடிகாரத்தின் விளிம்பு மட்டும் தெரிந்தது.

"அதுல வடிகால் வச்சிருக்கணும்" என்று யெல்லே தரையிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "மெயினை அணைச்சதும் தானா வடிஞ்சு போற மாதிரி. திருநாளுக்குள்ள முடிக்கச் சொன்னாங்க. அடுத்த வாரம் வந்து மாட்டிக்கலாம்னு நெனச்சேன். எச்சரிக்கைத் தகடும் அப்பவே. கணக்கு சரியாத்தான் போட்டிருந்தேன்."

"சராசரிக் கணக்கு" என்றாள் ஓடா. "ஏமீல் அடி வாங்கினது சராசரியில இல்ல."

லுட்கார்ட் அவனையே பார்த்தாள். "யெல்லே, அன்னைக்குப் பூசைக்கு நீயும் வந்திருந்த. மூணாவது பெஞ்ச். கோயிலுக்குள்ள போறப்ப எனக்குக் கை அசைச்ச."

"ஆமா."

"மூணு அடியும் கேட்டியா?"

தலையைப் பிடித்திருந்த அவன் கை ஒன்று முழங்காலுக்கு இறங்கியது. "ரெண்டாவது அடியிலயே தெரிஞ்சுபோச்சு. பெஞ்சுல முழங்காலை இடிச்சுக்கிட்டேன்."

இயர்ஃபோனில் கேட்ட அந்தச் சின்ன இடிச் சத்தம் கோபேக்கு நினைவு வந்தது. மூன்று வாரம். இவள் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்த மூன்று வாரமும் இவனுக்குத் தெரியும். மரியாதையான பையன். கோபேக்கு அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. இன்ஸ்பெக்டர் கால்வார்டுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், வாக்குமூலத் தாளை நாலாகக் கிழித்து அவன் முன்னால் வைத்தார்.

"அப்ப நான் அணைச்சேன்" என்றாள் லுட்கார்ட்.

"அணைச்சீங்க" என்றாள் ஓடா.

லுட்கார்ட் தன் வலது கையை மடியில் வைத்து, இடது கையால் தடவிக்கொடுத்தாள். அதனிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது. கோபே வேறு பக்கம் பார்த்தான்.

"அப்ப அன்னைக்கு மூணு மணிக்கு... அது அவர் இல்லையா?"

"இல்லம்மா. கடிகாரம் சொல்லிச்சு, சுத்தியல் அடிச்சுது. அவ்வளவுதான்."

"அவர் போறார்னு நெனச்சேன்." அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். இருந்த ஒரு ஆறுதலையும் கொடுத்துவிட்டுத்தான் அவள் தன் கையைத் திரும்ப வாங்கியிருக்கிறாள் என்று கோபேக்குப் புரிந்தது. அவள் முகம் திடீரென்று மாறியது. மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

"அப்ப அந்தப் பொத்தான். அவர் அழுத்தியிருந்தா?"

யெல்லே தலையைத் தூக்கினான். ஓடா அவனை ஒரு பார்வை பார்த்தாள். தலை திரும்பத் தாழ்ந்தது.

"பொத்தானுக்கு மின்சாரம் மெயின் வழியாத்தான் வரும்" என்றாள் ஓடா, குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லாமல். "மெயின் இல்லாட்டி அது வெறும் பிளாஸ்டிக். நூறு தடவை அழுத்தியிருந்தாலும் ஒண்ணும் கேட்டிருக்காது. நம்பி ஏறித்தான் இருப்பார்."

ஆறு வருஷத்தில் ஓடா பொய் சொல்லி கோபே கேட்டதில்லை. அவளுக்குப் பொய் சொல்ல வராது என்றே நினைத்திருந்தான்.

லுட்கார்ட் அவளை நம்பவில்லை. மெல்ல கோபே பக்கம் திரும்பினாள். "தம்பி, நீங்கதானே அங்க இருந்தீங்க. இப்ப மணி அடிச்சுதே. பொத்தானை அழுத்தினீங்களா?"

சரியாக மூன்று தடவை. பொத்தான் படத்தில் விழக் கூடாது. காபிக்கடை ஜன்னலில் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஓடா இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டாள். கோபேயின் ஆள்காட்டி விரலில் பொத்தானின் வட்டம் இன்னும் பதிந்திருந்தது. கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"நான் எங்கம்மா அழுத்தினேன்? மணி மூணு ஆச்சு, கடிகாரம் அடிச்சுது. நான் ஏணியில ஏறி இறங்கினதுல மூச்சு வாங்கிக்கிட்டு உங்க மெத்தையில சொகுசா உக்காந்திருந்தேன்."

இன்ஸ்பெக்டர் கால்வார்ட் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை இழுத்து அதை மூடிக்கொண்டார்.

"பூப்போட்ட மெத்தை" என்றாள் லுட்கார்ட். "துவைக்கணும் அதை." அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மூன்று வாரத்து அழுகை. யாரும் அவளைத் தேற்றவில்லை, அழ விட்டார்கள்.

சற்று நேரம் கழித்து ஓடா அவளைத் தோளில் பிடித்து வெளியே அழைத்துப் போனாள். சதுக்கம் இன்னும் பனிக்குள்தான் இருந்தது, கூண்டின் கடிகாரம் யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் சூப் இருக்கிறது, வெங்காயத்தாள் போட்டது, நேற்று வைத்தது என்று லுட்கார்ட் சொல்லிக்கொண்டிருந்தாள். எத்தனை வெங்காயத்தாள், உருளைக்கிழங்கு எப்போது போடணும் என்று ஓடா விடாமல் சத்தமாகக் கேட்டுக்கொண்டே நடந்தாள். முட்டை வேகவைக்கக்கூடத் தெரியாதவள்.

கோபே பின்தங்கி, கூண்டுக்கு அடியில் நின்றான். ஃபோனை எடுத்துப் பார்த்தான். இப்போதுதான் மணி மூன்று.

மேலே கடிகாரம் சொல்லியிருக்கும். தொட்டியில் ஒட்டியிருக்கிற கடைசிச் சொட்டில் சுத்தியல் அசைந்திருக்கும். ஒரு தடவை வேண்டுமானால் நகத்தால் தட்டுகிற அளவுக்கு மணியைத் தொடும். மற்ற இரண்டு தடவையும் பாதி வழி போய்த் திரும்பிவிடும். கீழே ஒன்றும் கேட்கவில்லை. லுட்கார்ட் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

கோபே மட்டும் பைக்குள் இருந்த விரலை மடக்கி, மூன்று வரைக்கும் எண்ணினான்.